ஆறு இன்ச் மெத்தைக்குள் எத்தனை இன்ச் இயற்கை?

மெத்தைக் கடைக்குள் நுழைந்தால் இப்போது பாதி மெத்தைகளில் பச்சை இலைப் படம் போட்ட அட்டை தொங்குகிறது. நேச்சுரல், ஆர்கானிக், மூங்கில், கற்றாழை, சந்தனம் என்று என்னென்னவோ பெயர்கள். ஜிப் இருக்கிற மெத்தையாகப் பார்த்துத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் வழக்கமான பி.யூ. ஃபோம், அதாவது பாலியூரித்தேன் என்கிற செயற்கை நுரைதான் இருக்கும். கற்றாழை என்பது மேல்துணியில் ஏற்றிய ஒரு பூச்சு, துவைக்கத் துவைக்க அதன் கதை முடிந்துவிடும். மூங்கில் என்பது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ் நூல், அதுவும் உறைத் துணியில் ஒரு பங்கு. அதனால் "இது இயற்கையா, செயற்கையா?" என்று விற்பனையாளரிடம் கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, அவர் எதற்கும் ஆமாம் என்பார். எந்தச் சரக்கு எத்தனை இன்ச் என்றுதான் கேட்க வேண்டும்.

உதாரணத்துக்கு, லேடெக்ஸ் (ரப்பர் பாலில் செய்யும் நுரை) மெத்தை என்ற பெயரில் விற்கும் ஒரு ஆறு இன்ச் மெத்தையை நடுவில் வெட்டினால் இப்படித்தான் இருக்கும்: மேலே துணியோடு சேர்த்துத் தைத்த அரை இன்ச் ஃபோம், அடுத்து ஒரு இன்ச் லேடெக்ஸ், அதற்குக் கீழே நாலரை இன்ச்சுக்கு நீலம், பச்சை, ரோஸ் என்று கலர் கலராகத் துண்டுகளை ஒட்டி அழுத்திய ரீபாண்டட் ஃபோம். விற்றவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது, லேடெக்ஸ் இருக்கிறதே. ஆனால் நீங்கள் கொடுத்த காசு ஆறு இன்ச்சுக்கு.

சரி, ஒவ்வொரு சரக்காக எடுத்துப் பார்ப்போம். நம் ஊரில் மெத்தை என்றால் முதலில் இலவம்பஞ்சு. தேனிப் பக்கம் போடிநாயக்கனூர் இதற்குப் பெயர்போனது, கோடையில் காய் முற்றி வெடிக்கும் சமயத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க இதே வேலையாக இருக்கும். பருத்தி என்பது விதையின் மேல் முளைக்கிற இழை. இலவம் அப்படியில்லை, காயின் உட்சுவரில் வளர்ந்து விதையைச் சுற்றிப் பொதிந்து கிடக்கும். ஒவ்வொரு இழையும் நடுவில் வெற்றிடமுள்ள ஒரு நுண்குழாய், வெளியே மெழுகுப் பூச்சு வேறு. உள்ளே பெரும்பகுதி காற்று என்பதால் பஞ்சு எடையே இல்லாமல் இருக்கிறது, தண்ணீரில் எளிதில் ஊறாமல் மிதக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலம் வரைக்கும் கப்பல்களில் உயிர்காப்பு மேலங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். இதே வழவழப்பால் சாதாரண முறையில் நூலாக நூற்க வராது, மெத்தைக்கும் தலையணைக்கும் அடைப்பதுதான் இதன் பிரதான உபயோகம்.

இந்த உடற்கூறு புரிந்தால் இலவம்பஞ்சின் நல்லது கெட்டது இரண்டும் புரிந்துவிடும். காற்று நிறைந்த இழை, வியர்வையைப் பிடித்து வைக்காது, அதனால் மே மாத இரவில் முதுகு எரியாது. ஆனால் அதே மெல்லிய குழாய்ச் சுவருக்கு ஸ்பிரிங் மாதிரி திரும்ப எழும் சக்தி குறைவு. படுக்கப் படுக்க அமுங்கும், உடலின் பாரம் இறங்குகிற இடுப்புப் பகுதியில் குழி விழும், வருஷங்கள் போனால் இழை ஒடிந்து தூளாகும். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டி, தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டால் உப்பி எழும். மூன்றாவது மாடி ஃபிளாட்டில், மொட்டை மாடிச் சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இருக்கிற வீட்டில், இதை யார் செய்வது என்பது நியாயமான கேள்வி. வெயில் காட்ட வழியில்லாதவர்கள் பெரிய இலவம்பஞ்சு மெத்தை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தலையணை வாங்கலாம், ஜன்னல் வெயிலே அதற்குப் போதும்.

இலவம்பஞ்சுக்கு இருக்கிற, நாருக்கோ லேடெக்ஸுக்கோ ஃபோமுக்கோ இல்லாத ஒரு வசதி, அதைத் திரும்பச் செய்யலாம் என்பதுதான். பழைய மெத்தையைப் புதுசாக்கித் தருவதாக மைக் கட்டிக்கொண்டு தெருவில் வேன் வருமே, அவர் வேலை செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். ஓரத் தையலைப் பிரித்து, கட்டி தட்டிக் கிடக்கும் பஞ்சைப் படுதாவில் கொட்டி, வேனிலேயே இருக்கிற மெஷினின் பல் உருளையில் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுப்பார். மறுபக்கம் பஞ்சு பொங்கி விழும், கூடவே தூசியும். முகத்தில் துண்டு கட்டாமல் நிற்க முடியாது. தூளாகிப்போனது கீழே உதிர்ந்துவிடும், குறைகிற எடைக்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் திணித்து, கம்பால் தட்டிச் சமப்படுத்தி, நீள ஊசியால் மேலிருந்து கீழாக ஊடு தைப்பார். அரை நாளில் மெத்தை ரெடி. இங்கே ஒரே ஒரு விஷயத்தில் கண் வேண்டும், சேர்க்கிற புதுப் பஞ்சு. மில் கழிவுப் பருத்தியையும் பனியன் வேஸ்ட்டையும் அடித்துக் கலந்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது, ஆறு மாதத்தில் கட்டி கட்டியாகும்போதுதான் தெரியும். ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். இலவம் மறுபடி மேலே வந்து மிதக்கும், வெளுத்த பருத்திக் கழிவு ஊறிக் கனத்து இறங்கும். நல்ல இலவம் லேசான மஞ்சள் பளபளப்போடு வழுக்கும், திரித்தால் திரியாது.

அடுத்தது தேங்காய் நார் மெத்தை, இதை இயற்கைப் பட்டியலில் பாதிதான் சேர்க்கலாம். நாரைக் கயிறாக முறுக்கிச் சுருள வைத்து, பிறகு பிரித்து, சுருண்ட நாரின் மேல் ரப்பர் பால் தெளித்து, அடுக்கி அழுத்திச் சூடேற்றினால் நாரும் நாரும் ஒட்டிய பலகை கிடைக்கும். 1962-ல் மணிபாலில் தொடங்கிய கர்லான் இதைத் தென்னிந்திய வீடுகளுக்குள் எப்படிக் கொண்டுவந்தது என்றால், ரொம்ப காலம் எந்தக் கம்பெனி மெத்தையானாலும் கர்லான் என்றே சொன்னார்கள். 2023-ல் ஸ்லீப்வெல் ஃபோம் மெத்தை விற்கும் ஷீலா ஃபோம் அந்தக் கம்பெனியை வாங்கியது, சந்தை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நார் மெத்தை காற்றோட்டமானது, கெட்டியானது, விலையும் கட்டுப்படி. கெட்டுப்போவது நார் இல்லை, ஒட்ட வைத்த ரப்பர்தான். ரப்பர் வயதாகி நொறுங்க ஆரம்பித்தால் நார் பிடிமானம் விட்டு உடையும், கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது காப்பித்தூள் மாதிரி பழுப்பாகத் துகள் வரும். வந்தால் அந்த மெத்தைக்கு நாள் எண்ணலாம். ஈரமான தரையில் நேரே போட்டாலும் சீக்கிரம் போய்விடும், பூஞ்சை வாடை கிளம்பும்.

லேடெக்ஸ் பற்றித்தான் அதிகம் குழப்பம், விலையும் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரத்தைக் கீறி எடுக்கிற பால்தான் மூலப்பொருள். அதை அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்து, மெஷினில் சுழற்றி 60 சதவீத ரப்பர் இருக்கும்படி கெட்டியாக்குவார்கள். 1929-ல் இங்கிலாந்தின் டன்லப் கம்பெனியில் இந்தப் பாலைச் சோப்போடு நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, உறைய வைத்து நீராவியில் வேகவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள், இன்றைக்கும் பெரும்பாலான லேடெக்ஸ் மெத்தை இதே வழியில்தான் வருகிறது. மெத்தையில் வரிசையாகத் துளைகள் தெரிகிறதே, அவை அச்சிலிருக்கும் கம்பிகளின் தடம். சூடு உள்ளே வரைக்கும் சீராகப் போய் வேகத்தான் அந்தக் கம்பிகள், காற்றோட்டம் கூடவே கிடைத்த லாபம். கந்தகம், துத்தநாக ஆக்சைடு, உறைய வைக்கும் ஒரு உப்பு, எல்லாம் இதில் சேரும். சேர்க்காவிட்டால் அது மெத்தையாகாது, ஒட்டிக்கொள்கிற கோந்தாகத்தான் கிடக்கும். ஆக நூறு சதவீதம் இயற்கை என்று எழுதியிருந்தால், பாலில் கலப்படம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கலப்படம் என்று நான் சொல்வது எஸ்.பி.ஆர். என்னும் செயற்கை ரப்பரை, இது பெட்ரோலியத்திலிருந்து வருவது. இயற்கைப் பாலோடு இதைச் சேர்த்து அடித்த மெத்தைக்கும் லேடெக்ஸ் என்றுதான் பெயர். கோல்ஸ் என்கிற ஆர்கானிக் லேடெக்ஸ் சான்று இருந்தால் 95 சதவீதத்துக்கு மேல் சான்று பெற்ற ஆர்கானிக் மூலப்பொருள் இருக்க வேண்டும் என்பது விதி. ஓகோ-டெக்ஸ் சான்று வேறு சமாச்சாரம், அது கெடுதலான ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, இயற்கையா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. செர்ட்டிப்யூர் என்று இருந்தால் அது பி.யூ. ஃபோமுக்கான சான்று. லோகோவைப் பார்த்து மயங்கி, பி.யூ.வுக்குக் கொடுத்த சான்றை லேடெக்ஸுக்கு என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை எடை. 75க்கு 60 இன்ச் அளவில் ஆறு இன்ச் மெத்தையின் கன அளவு 27,000 கன இன்ச், அதாவது சுமார் 0.44 கன மீட்டர். டென்சிட்டி என்று கடையில் சொல்கிற எண் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான், பெருக்கிப் பார்த்துவிட வேண்டியதுதான். 32 டென்சிட்டி பி.யூ. ஃபோம் என்றால் 14 கிலோ வரும், 40 என்றால் 17, 18 கிலோ. லேடெக்ஸ் சாதாரணமாக 65 முதல் 90 வரை இருக்கும், 75 என்று வைத்தாலே 33 கிலோ. "சார், முழுக்க லேடெக்ஸ்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பையன் இந்த அளவு மெத்தையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். கனமாக இருப்பதாலேயே லேடெக்ஸ் ஆகிவிடாது, ஏனென்றால் ரீபாண்டட் ஃபோம் 90, 100 டென்சிட்டியில் அதைவிடக் கனக்கும், மலிவு ஃபோமில் சுண்ணாம்புத் தூள் கலந்து எடை ஏற்றுவதும் நடக்கிறது.

செயற்கைப் பக்கம் ராஜா பி.யூ. ஃபோம். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு கண்டுபிடித்த பாலியூரித்தேன், மெத்தை நுரையாக 1950களில் பரவியது. பாலியால், டி.டி.ஐ. என்கிற இரண்டு ரசாயனங்கள், கொஞ்சம் தண்ணீர் மூன்றையும் கலந்தால், தண்ணீர் டி.டி.ஐ.யோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விட, அந்த வாயுவே கலவையைப் பொங்க வைக்கிறது. டி.டி.ஐ. என்பது தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா வரவைக்கக்கூடிய சரக்கு, ஆனால் வினை முடிந்து நுரையான பிறகு அது அதுவாக மிஞ்சுவதில்லை, நீங்கள் விஷத்தின் மேல் படுத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். பிரித்த புதிதில் வரும் வாடை, மிச்சமிருக்கும் ஆவியாகும் பொருட்கள். ஜன்னலைத் திறந்து சில நாள் காற்றாட விட்டால் அடங்கும். புது லேடெக்ஸுக்கும் ரப்பர் வாடை உண்டு, அது இயற்கை என்பதால் மணக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பி.யூ.வில் டென்சிட்டியைக் கெட்டித்தன்மை என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. 40 டென்சிட்டியில் மெதுவான ஃபோமும் செய்யலாம், 28-ல் கெட்டியானதும் செய்யலாம். டென்சிட்டி காட்டுவது ஆயுளை, அதாவது எத்தனை நாள் குழி விழாமல் தாங்கும் என்பதை. தினமும் இரண்டு பேர் படுக்கிற மெத்தைக்கு 40க்குக் கீழே போவதில் அர்த்தமில்லை, விருந்தாளி அறைக்கு 32 போதும். ரொம்ப மலிவான கெட்டி மெத்தை என்றால் அடியில் இ.பி.இ. ஷீட் இருக்க வாய்ப்பு அதிகம், டி.வி. பெட்டியில் அணைவாக வருமே அந்த வெள்ளைச் சரக்கு, ஒருமுறை நசுங்கினால் எழாது. ரீபாண்டட் பற்றி எனக்கு அப்படி ஒன்றும் கெட்ட அபிப்பிராயம் இல்லை, வெட்டிக் கழித்த ஃபோமை மறுபடி உபயோகிக்கிறார்கள், அடித்தளத்துக்கு நல்லது, நாள்பட உழைக்கும். அதை ஆர்த்தோ என்று பெயர் சூட்டி இரண்டு மடங்கு விலைக்கு விற்பதில்தான் எரிச்சல்.

ஆர்த்தோ என்றதும் ஞாபகம் வருகிறது, முதுகுவலிக்குக் கட்டை மாதிரி மெத்தைதான் மருந்து என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேருக்கு, பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி என்று கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்ததில், நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. அங்கே கேள்வி எவ்வளவு கெட்டி என்பது, எந்தச் சரக்கு என்பது இல்லை. ஆகவே லேடெக்ஸ் முதுகுக்கு நல்லது, ஃபோம் கெட்டது என்ற பேச்சை ஓரம் கட்டிவிடலாம். கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்கப்படாமல், நீங்கள் தூங்குகிற வாக்கில் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள்.

மெமரி ஃபோம் 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று உருவான பி.யூ. வகை. உடல் சூட்டில் இளகி உடல் வடிவத்துக்கு அமுங்குவது அதன் குணம். குளிர்நாட்டு அறையில் அது சுகம். சென்னையில் ஏ.சி. இல்லாத அறையில் மே மாதம் அது படுப்பதற்கு முன்பே இளகிக் கிடக்கும், படுத்தால் உள்ளே இழுத்து நாலு பக்கமும் சூட்டை அணைத்துக்கொள்ளும். மேலே ஜெல் பூசியிருக்கிறோம், குளிரும் என்பார்கள். தொட்ட நிமிஷம் குளிரும், கொஞ்ச நேரத்தில் ஜெல்லும் உடல் சூட்டுக்கு வந்துவிடும். ஏ.சி. ஓடுகிற அறைக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

சூட்டைப் பொறுத்தவரை நம் ஊருக்கு மேல் இரண்டு இன்ச்சும் உறையும்தான் பாதியைத் தீர்மானிக்கின்றன. லேடெக்ஸும் கடைசியில் ரப்பர்தான், வியர்வையை உறிஞ்சாது, துளைகள் இருப்பதால் மெமரி ஃபோமைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். கெட்டியான பருத்தி உறையும் மேலே மெல்லிய பஞ்சு மெத்தையும் போட்டால் சாதாரண பி.யூ. ஃபோமே தாங்கும்படி ஆகிவிடும். நேர்மாறாக, லட்சம் ரூபாய்க்கு ஆர்கானிக் லேடெக்ஸ் வாங்கி, அழுக்காகிவிடும் என்று கம்பெனி போட்டனுப்பிய பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல் அதன் மேலேயே பெட்ஷீட் விரித்துப் படுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படுப்பது பாலித்தீன் மேல்.

சில பேருக்கு மட்டும் சரக்கு எது என்பது உண்மையிலேயே முக்கியம். ரப்பர் கையுறை போட்டால் தடிக்கிறவர்கள் லேடெக்ஸ் வாங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். ஆஸ்துமா இருக்கிற வீட்டில் பழைய இலவம்பஞ்சின் தூள் தொல்லை தரும். தூசிப்பூச்சி இயற்கை செயற்கை பார்க்காது, நம் தோலில் உதிர்வதும் ஈரப்பதமும் இருந்தால் எல்லா மெத்தையிலும் குடியிருக்கும். கைக்குழந்தைக்குப் பஞ்சு மெத்தைதான் நல்லது என்று பாட்டிகள் சொன்னாலும், முகம் புதையும் அளவுக்கு மெதுவான படுக்கை கூடாது, கெட்டியாகச் சமமாக இருக்க வேண்டும் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு நான் தயங்காமல் செயற்கை என்பேன். அங்கே கட்டி தட்டும் பஞ்சும் கெட்டி நாரும் படுக்கைப்புண்ணுக்கு வழி, நல்ல தரமான ஃபோமோ, மாறி மாறிக் காற்று நிரம்பும் மருத்துவ மெத்தையோ வேண்டும். நெருப்பு விஷயத்தில் இரண்டு பக்கமும் சளைத்ததில்லை. இலவம்பஞ்சு பொசுக்கென்று பற்றும், பி.யூ. எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் உண்டு. எதுவானாலும் கொசுவர்த்திச் சுருளைக் கட்டில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், வெயில் காட்ட இடம் இருக்கிற தனி வீட்டுக்கு நார் மெத்தையின் மேல் மெல்லிய இலவம்பஞ்சு, ஃபிளாட்டுக்குப் பட்ஜெட் இருந்தால் முழு லேடெக்ஸ், இல்லையென்றால் அடியில் ரீபாண்டட், மேலே 40 டென்சிட்டி ஃபோம், பருத்தி உறை. அடியில் ரீபாண்டட், மேலே ஒரு இன்ச் லேடெக்ஸ் என்கிற கலப்பு மெத்தைகூடத் தப்பில்லை, கலப்பு விலைக்குக் கிடைத்தால்.

வாங்கும்போது எந்த அடுக்கு எத்தனை இன்ச், என்ன டென்சிட்டி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாரண்டி அட்டையில் குழி எத்தனை இன்ச் இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதையும் அங்கேயே படித்துவிடுங்கள், பல கம்பெனிகள் ஒரு இன்ச்சுக்குக் குறைந்த பள்ளத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, கறை பட்டிருந்தால் பார்க்கவே மாட்டார்கள். அடுக்கு விவரத்தை எழுதித் தரத் தயங்கினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம், மெத்தைக் கடைகள் எப்படியும் ஒரே தெருவில் நாலைந்து இருக்கும்.